மோடமும் வன்தட்டும்: தொலைபேசிவழி இணையக் காலத்தில் லினக்சும் மலேசியத் தமிழ்க் கணிமையும்

முன்னுரை

தமிழ்க் கணிமையின் வரலாறு இதுகாறும் பெரும்பாலும் எழுத்துருக்களின் வரலாறாகவும் குறியேற்றங்களின் வரலாறாகவும் மாநாடுகளின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. 1985 ஆம் ஆண்டில் மலேசியாவில் முத்து நெடுமாறன் தொடங்கிய முரசு மென்பொருள், 1995 இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் இணையமேறிய தமிழ்க் கவிதைகள், அதே ஆண்டில் மலேசியாவில் பிறந்து சிட்னியில் வாழ்ந்த பாலா பிள்ளை தொடங்கிய தமிழ்.நெட், 1998 பொங்கலன்று தோன்றிய மதுரைத் திட்டம், 2001 ஆகஸ்டில் கோலாலம்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாடு என மைல்கற்கள் வரிசைப்படுத்தப்படுகின்றன. இவ்வரிசையில் பிழையில்லை. ஆயினும் ஓர் எழுத்து திரையில் தோன்றுவதற்கு முன்னர் அது ஒரு தொலைபேசிக் கம்பியின் வழியே வந்து சேர்ந்து ஒரு வன்தட்டில் தங்கவேண்டியிருந்தது என்னும் எளிய உண்மை இவ்வரலாறுகளில் இடம்பெறவில்லை. கம்பி பேசவில்லையெனில் எழுத்துரு எவ்வளவு அழகியதாயினும் பயனில்லை. தட்டு ஏற்கவில்லையெனில் குறியேற்றம் எவ்வளவு செம்மையானதாயினும் பயனில்லை.

இக்கட்டுரை அந்த அடித்தளத்தையே நோக்குகின்றது. 1990 களின் பிற்பகுதியிலும் 2000 களின் தொடக்கத்திலும் லினக்ஸ் முதலான யூனிக்ஸ் மரபு இயங்குதளங்களில் மோடத்தையும் வன்தட்டையும் இயங்கச் செய்வதில் எழுந்த சிக்கல்கள் எவை, அவை எவ்வாறு கண்டறியப்பட்டுத் தீர்க்கப்பட்டன, அவ்வுழைப்பு தமிழ்க் கணிமைக்கு எதனைத் தந்தது என்பனவே நாம் எழுப்பும் வினாக்கள். களமாக நாம் வளர்ந்த ஊராகிய குனோங் ராபாட்டை முன்வைக்கின்றோம். அவ்வூர் தமிழ்க் கணிமையின் தலைநகர் அன்று. மலேசியாவில் தமிழர் வாழ்ந்த எத்தனையோ நகர விளிம்புகளுள் ஒன்று. அதனாலேயே அது நமக்குப் பயன்படுகின்றது.

கம்பி வந்த வழி

ஈப்போ நகரின் தென்கிழக்கு ஓரத்தில், சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரத்தில் அமைந்துள்ளது குனோங் ராபாட். கெக் லோக் தோங் குகைக்கோயிலைக் கொண்டும், ‘ஹியோங் பியா’ எனப்படும் சீனப் பலகாரத்தைக் கொண்டும் வெளியூரார் இதனை அறிவர். 1948 இல் தொடங்கிய அவசரகாலத்தில் உருவாக்கப்பட்ட புதுக்கிராமமும் இங்குண்டு. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தபோது கிந்தா பள்ளத்தாக்கின் பழைய வாழ்வு முடிவுக்கு வந்தது. ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கைமாறிய பத்தாண்டுகளில் தோட்டத்தை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல இத்தகைய நகர விளிம்புகளிலேயே வந்து தங்கின.

கம்பிக்கும் பேராக் மாநிலத்துக்கும் உள்ள உறவு நெடியது. மலாய் மாநிலங்களில் முதல் தந்திக் கம்பி 1876 ஆம் ஆண்டு குவாலா கங்சாருக்கும் தைப்பிங்குக்கும் இடையே இழுக்கப்பட்டதாக வரலாறு கூறுகின்றது. பின்னர் அஞ்சல், தந்தித் துறைகள் வளர்ந்தபோது அவற்றின் எழுத்தர் பணிகளில் யாழ்ப்பாணத் தமிழர் பலர் அமர்ந்தனர். தோட்டத்துத் தமிழருக்கோ கம்பி வேறு பொருளுடையதாக இருந்தது. தொலைபேசி துரையின் பங்களாவிலும் தோட்ட அலுவலகத்திலும் இருந்த ஒன்று; லயத்து வீட்டில் இருந்த ஒன்று அன்று. நகர விளிம்புக்குக் குடிபெயர்ந்த பின்னரே பல குடும்பங்கள் தம் பெயரில் ஒரு தொலைபேசி இணைப்பைப் பெற்றன. மோடம் வந்து பொருந்தியது இந்த முதல் தலைமுறைக் கம்பியில்தான் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. இரவில் ஒருவர் இணையத்தில் இருந்தால் வீட்டுக்கு வரும் அழைப்புகள் அனைத்தும் தடைபடும். மாதக் கட்டணத்தை யார் ஏறச் செய்தார் என்னும் வழக்கு ஒவ்வொரு வீட்டிலும் நடந்தது.

மலேசியாவில் கணினி வலையமைப்பின் தொடக்கமும் தொலைபேசிக் கம்பியோடுதான். 1985 இல் நிறுவப்பட்ட மிமோஸ் நிறுவனம் 1987 இல் ‘ராங்கோம்’ என்னும் வலையமைப்பின் வழி நாட்டின் பல்கலைக்கழகங்களை இணைக்க முற்பட்டது. 1992 இல் ‘ஜாரிங்’ வலை அமெரிக்காவுடன் விநாடிக்கு 64 கிலோபிட் வேகங்கொண்ட செயற்கைக்கோள் இணைப்பைப் பெற்றது. இன்றைய கைப்பேசி ஒன்று பெறும் வேகத்தோடு ஒப்பிட்டால் இது நகைப்புக்குரிய அளவாகத் தோன்றும். அன்று ஒரு நாடு முழுமைக்கும் அதுவே வாயில். 1996 இல் தெலிகோம் மலேசியாவின் டிஎம்நெட் இரண்டாவது சேவையாளராக வந்தது. ஜாரிங்குக்கு 1511, டிஎம்நெட்டுக்கு 1515 என்னும் நான்கிலக்க எண்கள் ஒரு தலைமுறையின் நினைவில் நீங்காதவை. ஜாரிங் நிறுவனம் 2015 இல் செயற்பாட்டை நிறுத்திக்கொண்டது.

மோடம்: கேட்டறிதலும் கண்டறிதலும்

கணினியின் இலக்கமுறைக் குறிகளைத் தொலைபேசி சுமக்கத்தக்க ஒலியாக மாற்றுவதும், வந்த ஒலியை மீண்டும் குறிகளாக மாற்றுவதும் மோடத்தின் தொழில். 1981 இல் ஹேய்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்மார்ட்மோடம்’ ஒரு புதுமையைக் கொணர்ந்தது. கணினியே மோடத்துக்கு எழுத்தில் ஆணையிடலாம் என்பதே அப்புதுமை. ‘ஏடி’ எனத் தொடங்கும் அவ்வாணைகளைப் பிற நிறுவனங்களும் பின்பற்றின. ‘ஏடி’ எனத் தட்டச்சு செய்தால் மோடம் ‘ஓகே’ என மறுமொழி கூறும். இம்மறுமொழி வருகின்றதா இல்லையா என்பதே எல்லாச் சோதனைகளுக்கும் முதற்படி.

விண்டோசில் இவ்வுரையாடல் பயனரின் கண்ணுக்குப் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருந்தது. படத்தைச் சொடுக்கினால் இணைப்புக் கிடைக்கும். கிடைக்காவிடில் ஒரு பிழையெண் தோன்றும். அதற்குமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை. லினக்சில் நிலைமை வேறு. 1991 இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய இவ்வியங்குதளம் யூனிக்சின் வழக்கங்களைத் தழுவியது. யூனிக்சில் ஒவ்வொரு கருவியும் ஒரு கோப்பாகவே தோன்றும். முதல் தொடர்நிலைத் துறைக்கு ‘டிடிஒய்எஸ்0’ என்பது பெயர். இப்பெயரில் உள்ள ‘டிடிஒய்’ என்பது ‘டெலிடைப்’ என்னும் தொலைத்தட்டச்சுப் பொறியின் சுருக்கம். தந்திக் காலத்தின் எச்சம் அது. மோடத்தின் வேகத்தைக் குறிக்க மக்கள் வழங்கிய ‘பாட்’ என்னும் அலகும் எமில் போடோ என்ற பிரெஞ்சுத் தந்திப் பொறியாளரின் பெயரிலிருந்து வந்ததே. குவாலா கங்சாருக்கும் தைப்பிங்குக்கும் இடையே ஓடிய கம்பியின் மொழி குனோங் ராபாட்டின் மேசைக் கணினிக்குள்ளும் வழங்கியது எனலாம்.

இத்தகைய எச்சங்கள் இன்னும் உள. லினக்சில் மோடத்தைத் தொடும் உரிமை எல்லாப் பயனருக்கும் இயல்பாக இராது. சில வழங்கல்களில் ‘யூயூசிபி’ என்னும் குழுவிலும், சிலவற்றில் ‘டயலவுட்’ என்னும் குழுவிலும் பயனர் சேர்க்கப்படவேண்டும். யூயூசிபி என்பது பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் 1976 இல் உருவாக்கிய, ஒரு யூனிக்ஸ் பொறியிலிருந்து மற்றொன்றுக்குத் தொலைபேசிவழிக் கோப்புகளைப் படியெடுக்கும் முறை. பல நாடுகளில் பல்கலைக்கழகங்களின் முதல் மின்னஞ்சல்கள் இரவோடிரவாக இம்முறையில்தான் கைமாறின. அம்முறை வழக்கொழிந்த பின்னரும் அதன் பெயர் உரிமைக் குழுவின் பெயராக எஞ்சி நின்றது. புதிய பயனர் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்னும் செய்தியைக் கண்டு திகைத்து, காரணம் தேடி, இறுதியில் வந்து சேர்ந்த இடம் கணினி வலையமைப்பின் வரலாற்றுக்குள் இருந்தது. மோடம் பழுதானது என நினைத்தவர் பலருக்கு மோடத்தில் பழுதேயில்லை; குழுவில் பெயரில்லை, அவ்வளவே.

அடுத்த சிக்கல் இடையூட்டு எண்ணைப் பற்றியது. பழைய தனியாள் கணினியில் முதல் துறையும் மூன்றாம் துறையும் 4 ஆம் எண்ணையும், இரண்டாம் துறையும் நான்காம் துறையும் 3 ஆம் எண்ணையும் பகிர்ந்துகொண்டன. சுட்டி முதல் துறையில் இருக்க, உட்செருகிய மோடம் மூன்றாம் துறையாக அமைந்தால், சுட்டியை அசைத்தபோதெல்லாம் இணைப்பு நிலைகுலையும். இதற்குத் தீர்வு மோடம் அட்டையிலுள்ள சிறு இணைப்பிகளை மாற்றி, ‘செட்சீரியல்’ என்னும் ஆணைவழி அம்மாற்றத்தை இயங்குதளத்துக்கும் அறிவிப்பது. துறையைக் கையாளும் சில்லின் வகையும் முக்கியமானது. பழைய 8250, 16450 வகைச் சில்லுகளில் வரும் எழுத்துகளை வரிசைப்படுத்தித் தேக்கிவைக்க இடமில்லை. 16550ஏ வகையில் 16 பைட்டு அளவிலான தேக்கம் இருந்தது. பெரிய கோப்பு இறங்கும்போது எழுத்துகள் உதிர்ந்தனவெனில் பழைய சில்லே காரணம் என ஐயுறுவது முறை.

எல்லாவற்றிலும் கொடியது ‘வின்மோடம்’. 1990 களின் இறுதியில் உற்பத்திச் செலவைக் குறைக்கும் பொருட்டு, மோடத்தின் கணிப்பு வேலையைச் செய்யும் சில்லை நீக்கிவிட்டு அவ்வேலையைக் கணினியின் மையச் செயலியிடம் ஒப்படைத்தனர். அதற்குரிய மென்பொருள் விண்டோசுக்கு மட்டுமே தரப்பட்டது. மலிவான கணினியோடு மலிவான மோடம் வந்தது. லினக்சிலோ அது வெறும் அட்டை. ‘ஏடி’ எனக் கேட்டால் ‘ஓகே’ வராது. இதனை அறியாது எத்தனை இரவுகள் வீணாயின என்பதற்குக் கணக்கில்லை. தீர்வு இரண்டே: லினக்சுக்கென எழுதப்பட்ட அரிய இயக்கிகளுள் ஒன்று அச்சில்லுக்குப் பொருந்துகின்றதா எனத் தேடுவது, இல்லையேல் தொடர்நிலைத் துறையில் செருகும் வெளிமோடம் ஒன்றை வாங்குவது. வெளிமோடம் விலை மிகுந்தது. கட்டற்ற மென்பொருளுக்கு விலையில்லை என்னும் பெருமை இவ்விடத்தில் சற்றே ஆட்டங்காண்கின்றது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

‘ஓகே’ வந்த பின்னர் எண்ணைச் சுழற்றலாம். ‘நோ டயல்டோன்’ என மறுமொழி வந்தால் ஒன்று கம்பி செருகப்படவில்லை. அன்றி மோடம் எதிர்பார்க்கும் ஒலிக்கும் இணைப்பகம் தரும் ஒலிக்கும் வேறுபாடுண்டு. பின்னதற்கு ‘ஏடிஎக்ஸ்3’ என்னும் ஆணை தீர்வு: ஒலியைப் பொருட்படுத்தாது சுழற்று என்பது அதன் பொருள். எதிர்முனை எடுத்ததும் இரு மோடங்களும் எழுப்பும் அக்கீச்சொலி, எவ்வேகத்தில் பேசலாம் என அவை தமக்குள் நடத்தும் உடன்படிக்கை. 1994 இன் வி.34 தரம் விநாடிக்கு 28,800 பிட்டுகளையும், அதன் 1996 ஆம் ஆண்டு விரிவு 33,600 பிட்டுகளையும், 1998 இன் வி.90 தரம் இறக்கத்தில் 56,000 பிட்டுகளையும் உச்சமாகக் கொண்டன. இந்த 56,000 எட்டாக்கனி. சேவையாளரின் முனை இலக்கமுறையில் அமைந்து, இடையில் ஒரேயொரு மாற்றம் மட்டும் நிகழ்ந்தாலன்றி அவ்வேகம் கிட்டாது. இணைப்பகத்திலிருந்து தொலைவு கூடியும் கம்பி பழையதாகியும் போன இடங்களில் வேகம் மேலும் சரிந்தது.

கிந்தா பள்ளத்தாக்கின் பிற்பகல் இடிமழையையும் இங்குச் சொல்லவேண்டும். உலகில் இடிமின்னல் மிகுந்த நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. குன்றுகளுக்குப் பின்னால் கருமேகம் திரண்டதும் மோடத்தின் கம்பியைப் பிடுங்கவேண்டும் என்பது குனோங் ராபாட்டில் நாம் கற்ற முதல் கணினிப் பாடம். மின்சாரச் செருகியைக் கழற்றியவர்கள் தொலைபேசிக் கம்பியை மறந்தனர். மின்னல் அவ்வழியே வந்தது. எந்தக் கையேட்டிலும் இப்பாடம் முதலிடம் பெறவில்லை. கையேடுகளை எழுதியோர் குளிர்நாட்டினர்.

இணைப்புக் கிடைத்தபின் ‘பிபிபி’ என்னும் நெறிமுறை தொடங்கும். 1994 இல் தரப்படுத்தப்பட்ட வடிவத்தில் இதுவே தொலைபேசிவழி இணையத்தின் பொதுமொழியாயிற்று. லினக்சில் ‘சாட்’ என்னும் சிறு நிரல், எதிர்முனை என்ன கேட்கும் அதற்கு என்ன விடை தரவேண்டும் என்னும் வினாவிடைப் பட்டியலின்படி உள்நுழையும். பின்னர் ‘பிபிபிடி’ பொறுப்பேற்கும். இங்கு நிகழும் ஒரு பிழை நமக்கு மிகவும் சுவையானது. ‘கம்பி வளைந்து தன்னிடமே திரும்புகின்றது’ என்னும் பொருளில் பதிவேட்டில் ஒரு வரி தோன்றும். உண்மையில் கம்பி எங்கும் வளையவில்லை. எதிர்முனை இன்னும் பயனர் பெயரைக் கேட்டுக்கொண்டு நிற்கின்றது. நாம் அனுப்பும் குறிகளை எழுத்துகளெனக் கருதி அப்படியே எதிரொலிக்கின்றது. அதனைக் கேட்ட நம் கணினி தன் குரலையே பிறர் குரலென மயங்குகின்றது. வினாவிடைப் பட்டியலைத் திருத்தினால் சிக்கல் தீரும்.

இவையனைத்தும் கூடியும் வலைத்தளம் திறக்கவில்லையெனில் இரண்டு இடங்களை நோக்கவேண்டும். பெயர்களை எண்களாக மாற்றும் வழங்கியின் முகவரி உரிய கோப்பில் எழுதப்பட்டுள்ளதா என்பது ஒன்று. வீட்டிலுள்ள வலையட்டைக்கென முன்னரே ஓர் இயல்பு வழி வகுக்கப்பட்டுள்ளதா என்பது மற்றொன்று. அவ்வாறிருப்பின் ‘பிபிபிடி’ அதனை மாற்றாது, அதனைப் பதிவேட்டிலும் எழுதிவைக்கும். செய்வது இன்னது, செய்யாதது இன்னது, காரணம் இன்னது என எழுதிவைக்கும் இப்பண்பே யூனிக்ஸ் மரபின் தனிச்சிறப்பு. படிக்கத் தெரிந்தவனுக்குப் பொறி தன் நோயைத் தானே கூறும். ஆனால் அது ஆங்கிலத்தில் கூறியது.

வன்தட்டு

வன்தட்டைப் பற்றிய சிக்கல் அளவில் சிறிது, அச்சத்தில் பெரிது. மோடம் இயங்காவிடில் இணையம் இல்லை, அவ்வளவே. வன்தட்டைப் பிரிக்கும்போது தவறினால் வீட்டிலுள்ளோர் எழுதிவைத்த அனைத்தும் போய்விடும். ஒரு வீட்டில் ஒரே கணினி, அதில் விண்டோஸ், தம்பியின் விளையாட்டு, அக்காளின் பள்ளிக் கட்டுரை, தந்தையார் பொறுப்பேற்ற கோயில் கணக்கு எல்லாம் ஒரே தட்டில். அத்தட்டைப் பகுதிகளாகப் பிரித்து லினக்சுக்கு இடம்விட வேண்டும்.

அக்காலக் கணினிகளின் அடிப்படை நிரல் தட்டின் முதல் 1,024 உருளைகளுக்கு அப்பால் எதனையும் காணாது. லினக்சின் கரு அவ்வெல்லைக்கு அப்பால் அமைந்துவிட்டால் ‘லிலோ’ என்னும் தொடக்கி அதனைக் கண்டெடுக்க இயலாது தவிக்கும். லிலோ தன் பெயரின் நான்கு எழுத்துகளையும் ஒவ்வொரு படி முடிந்ததும் ஒவ்வொன்றாகத் திரையில் எழுதும். முதலெழுத்தோடு நின்றால் இரண்டாம் படியை ஏற்ற முடியவில்லை. இரண்டெழுத்தோடு நின்றால் ஏற்றியது, இயக்க முடியவில்லை. மூன்றெழுத்தோடு நின்றால் இயங்கியது, தேவையான அட்டவணை கிட்டவில்லை. நான்கும் தோன்றினால் எல்லாம் நலம். தட்டின் தொடக்கத்தில் சிறுபிரிவொன்றை ஒதுக்கிக் கருவை அங்கு வைப்பதே வழக்கமான தீர்வு. விண்டோசை மீண்டும் நிறுவினால் அது லிலோவை அழித்துவிடும் என்பதால் நெகிழ்தட்டு ஒன்றில் தொடக்கியைப் படியெடுத்து வைத்திருத்தல் இன்றியமையாதது.

மின்தடையும் ஒரு காரணி. 1996 ஆகஸ்டு 3 ஆம் நாள் மலேசியத் தீபகற்பம் முழுவதும் இருளில் மூழ்கியது வரலாற்றில் பதிவான நிகழ்ச்சி. ஊர்மட்டத்தில் நிகழ்ந்த சிறு தடைகள் அவ்வாறு பதிவாகவில்லை. அன்றைய ‘எக்ஸ்ட்2’ கோப்பு முறைமை குறிப்பேடு அற்றது. திடீரென மின்சாரம் நின்றால் அடுத்த தொடக்கத்தில் தட்டு முழுவதும் சரிபார்க்கப்படும். அதற்குப் பல நிமிடங்களாகும். 2001 நவம்பரில் லினக்ஸ் கருவில் ‘எக்ஸ்ட்3’ சேர்ந்தபின்னரே இத்துன்பம் குறைந்தது.

பிழைச் செய்தியிலிருந்து சொல்லாக்கத்துக்கு

லினக்ஸ் தமிழ் அறியாத பொறியாக வந்தது. முரசு அஞ்சல் முதலான தமிழ் மென்பொருள்கள் விண்டோசைச் சார்ந்திருந்தன. 1997 முதல் இணையவழிக் கலந்துரையாடலில் உருவான டிஸ்கி குறியேற்றம் இங்குப் பேருதவியாயிற்று. அது எட்டுப் பிட்டுக் குறியேற்றம். எழுத்துருவை மாற்றினாலே தமிழ் தோன்றிவிடும். சிக்கலான வரைவு முறை தேவையில்லை. தமிழ்நாட்டு அரசு 1999 இல் டாப், டாம் என்னும் வேறு தரங்களை அறிவித்தது. அதனால் எழுந்த பிளவை இங்கு விரித்துரைக்கவில்லை. 2000 ஆம் ஆண்டையொட்டிப் பல நாடுகளில் சிதறியிருந்த தமிழ் ஆர்வலர் கேடிஈ என்னும் பணிச்சூழலின் சொற்களைத் தமிழாக்கத் தொடங்கினர். க்யூடி நிரலகத்தில் டிஸ்கிக்கான மாற்றியை எழுதியவர் ஹன்ஸ் பெட்டர் பீக்கர். லினக்சின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியில் 2002 இல் அதனை எழுதியவர் புரூனோ ஹைபிள். தமிழரல்லாத இருவர் தமிழ்க் குறியேற்றத்தை யூனிக்ஸ் உலகுக்குள் சேர்த்தனர் என்பது நம் வரலாற்று நூல்களில் போதிய இடம்பெறாத செய்தி.

இம்மொழிபெயர்ப்பாளர்கள் எங்கிருந்து வந்தனர்? மொழியியல் துறைகளிலிருந்து வந்தோர் சிலரே. மோடத்தை இயக்கப் பதிவேட்டைப் படித்தும், தட்டைப் பிரிக்கக் கையேட்டைப் படித்தும் பழகியவர்களே பெரும்பான்மையர் என்பது நம் கருத்து. சொற்களே இதற்குச் சான்று. ‘மோடம்’ என்பதற்கு ‘இணக்கி’ எனச் சொல் படைத்தவர் அது செய்யும் தொழிலை உணர்ந்தே படைத்தார்: இரு வேறு குறிகளை இணங்கச் செய்வது அது. தட்டை அடைவோடு பொருத்தும் ‘மவுண்ட்’ என்னும் செயலுக்கு ‘ஏற்று’ என்னும் சொல் வழங்கியபோது, ‘ஏற்றுக்கொள்’ என்னும் பொருளோடு அது மயங்குமே என்னும் தயக்கம் எழுவது இயல்பு. ஆனால் தட்டை ஏற்றாமல் தவித்த அனுபவமுடையவருக்கு அம்மயக்கம் இராது. அகராதிக் குழுக்கள் அறைக்குள் அமர்ந்து ஆக்கிய சொற்கள் பல வழக்கில் நிலைக்கவில்லை. ‘கோப்பு’, ‘அடைவு’ போன்றவை நிலைத்தமைக்கு, அவற்றைக் கையாண்டோர் அப்பொருள்களையும் நாள்தோறும் கையாண்டமையே காரணம்.

இதனை மிகைப்படுத்தவும் கூடாது. ஆங்கிலத்தில் தடுமாற்றமின்றிப் படிக்கவல்லோரே இவ்வாயிலைக் கடந்தனர். தமிழ்ப்பள்ளியில் பயின்று இடைநிலைப் பள்ளியில் மலாய்மொழிக்கு மாறிய மாணவருக்குப் பிழைச் செய்தி மூன்றாம் மொழியில் வந்தது. தோட்டத்திலேயே எஞ்சியிருந்தோருக்கு மோடத்தைச் செருகும் கம்பியே இல்லை. தமிழ்க் கணிமையின் தன்னார்வ வரலாறு இவ்விரு வடிகட்டிகளையும் கடந்தோரின் வரலாறு மட்டுமே.

பழைய தட்டுகளின் இன்றைய நிலை

2000 களின் முதலாண்டுகளில் அகலக்கற்றை பரவத் தொடங்கியதும் மோடம் ஒதுக்கப்பட்டது. வன்தட்டுகள் மட்டும் அலமாரிகளில் கிடக்கின்றன. அவற்றில் இருப்பவை சிறியனவல்ல. கோயில் திருவிழா மலர்கள், தமிழ்ப்பள்ளிகளின் ஆண்டிதழ்கள், தோட்டத்திலிருந்து வெளியேறியோர் தம் சங்கங்களுக்கு எழுதிய அறிக்கைகள், இறந்தோரைப் பற்றிய நினைவு மடல்கள் ஆகியன அச்சேறியும் அச்சேறாமலும் அவற்றில் உறைகின்றன. மலேசிய இந்தியர் சமூக வரலாற்றுக்கு 1990 களின் இறுதியிலிருந்து பத்தாண்டுகளுக்குரிய உள்ளூர்ச் சான்றுகள் காகிதத்தில் குறைவு. காரணம் அவை கணினியில் எழுதப்பட்டன. அண்மையில் குனோங் ராபாட்டு இல்லமொன்றிலிருந்து நம்மிடம் வந்த தட்டு இத்தகையதே. அதன் உரிமையாளர் அதனைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பவிருந்தார்.

இவ்விடத்தில் பழைய பழுதுநீக்கும் அறிவு ஆய்வாளனின் கருவியாகின்றது. தட்டை நேரே திறந்து கோப்புகளைப் படியெடுத்தல் தவறு. முதலில் தட்டு முழுவதையும் பிட்டுக்குப் பிட்டு ஒரே கோப்பாகப் படியெடுக்கவேண்டும். பழுதான இடங்களைத் தாண்டிச் சென்று பின்னர் மீண்டும் முயலும் ‘டிடிரெஸ்க்யூ’ போன்ற நிரல் இதற்கு ஏற்றது. மூலத் தட்டில் சரிபார்க்கும் நிரலை இயக்கலாகாது. அது திருத்துவதாக எண்ணி அழிக்கக்கூடும். ‘எக்ஸ்ட்3’ பிரிவை வாசிப்புக்கு மட்டும் என ஏற்றினாலும் லினக்ஸ் அதன் குறிப்பேட்டை நிறைவேற்றி எழுத முற்படும் என்பதைப் பலரும் அறியார். ‘நோலோட்’ என்னும் குறிப்பைச் சேர்த்தாலன்றி அது நிற்காது. பழைய ‘எக்ஸ்ட்2’ பிரிவுகளை இன்றைய ‘எக்ஸ்ட்4’ இயக்கியே படித்துவிடும். டிஸ்கியில் எழுதிய உரையை ஜிலிப்சியின் மாற்றி ஒரே ஆணையில் ஒருங்குறியாக மாற்றித் தருகின்றது.

விண்டோஸ் பகுதியில்தான் உண்மையான இடர். மலேசிய அச்சகங்களும் தனியாட்களும் பயன்படுத்திய எழுத்துருக்கள் பல, எந்தத் தரத்தையும் பின்பற்றாது தத்தம் குறியேற்றத்தைக் கொண்டிருந்தன. அவற்றில் தட்டச்சு செய்த ஆவணம் வேறு கணினியில் பொருளற்ற உரோமன் எழுத்துகளாகவே தோன்றும். அதனைப் படிப்பதற்கான ஒரே திறவுகோல் அவ்வெழுத்துருக் கோப்பு. அது ஆவணங்களின் அடைவில் இராது. அதே தட்டில் விண்டோசின் எழுத்துரு அடைவில் இருக்கும். ஆவணங்களை மட்டும் விரலியில் படியெடுத்துக்கொண்டு தட்டை எறிந்துவிட்ட சங்கங்களிடம் இன்று எஞ்சியிருப்பது பூட்டு மட்டுமே. நம்மிடம் வந்த தட்டில் அவ்வடைவு சேதமின்றி இருந்தது. அதிலுள்ள தமிழ் எழுத்துருக்கள் நான்கு. அவற்றுள் இரண்டுக்கு மாற்றி எதுவும் நமக்குக் கிட்டாமையால், எழுத்துக்கு எழுத்து அட்டவணை அமைக்கும் பணியைத் தொடங்கியுள்ளோம்.